ஐயனுக்கு மாட்டுன சைடுகாரும் புல்லட்டுச் சூடும்

எங்கய்யன் வலது கால்ல, முழங்காலுக்குக் கீழ வெளிப்பக்கத்துல, அஞ்சு ரூபா காசு அகலத்துக்கு ஒரு கொப்புளம். ராத்திரி கால் கழுவி விடறப்ப எங்கம்மாதான் பார்த்துட்டு என்னையக் கூப்புட்டாங்க. சித்திரை கடைசி, கத்திரி வெயில் ஆரம்பிச்ச வாரம், அன்னிக்குக் காத்தாலதான் சோமனூர்ல இருந்து சிவன்மலைக்கு அவரைப் புல்லட்டுக்கு எடது பக்கம் ஒத்தைச் சக்கரத்தோட மாட்டுன சைடுகார்ல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போயிட்டு வந்திருந்தேன், அந்தக் கோயில்ல பக்தர் கனவுல சாமி சொன்ன பொருளை வெக்கற ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில இப்ப என்ன பொருள் வெச்சிருக்காங்கன்னு பார்க்கோணும்னு அவருக்கு ரெண்டு மாசமா ஆசை. "வலிக்குதுங்களா ஐயா"ன்னு கேட்டேன். இல்லைன்னு தலையாட்டுனாரு. அதுதான் எனக்கு பகீர்னு ஆயிப்போச்சு. மூணு வருசத்துக்கு முன்னால வலது பக்கம் கை காலு இழுத்துக்கிச்சு, பேச்சும் ரெண்டு மூணு வார்த்தைக்கு மேல வராது, அந்தக் கால்ல சூடு பட்டா அவருக்குத் தெரியவே தெரியாது. மூணு மணி நேரம் அந்தக் காலு சைடுகார் தகரத்துல சாஞ்சுட்டே வந்திருக்கு, பக்கத்துலயே உக்காந்து ஓட்டுன எனக்கும் தெரியல.

வண்டி அவரு வண்டிதாங்க. 1994 மாடல் புல்லட் 350, பழைய இரும்பு பேரல் இன்ஜின் (பிஸ்டன் ஏறி எறங்கற உருளைதான் பேரல்), கியர் வலது பக்கம், ஒன்னு மேல மூணு கீழ. நூல் வாங்க, பாவு கொண்டு போய்க் குடுக்கன்னு அதுலயேதான் சுத்துவாரு. இழுத்துக்கிட்ட பொறவு பின் சீட்டுல கால் போட்டு உக்கார முடியல, காருக்குள்ள உக்கார வெச்சா கண்ணாடியையே பார்த்துட்டு வருவாரு, ஒரு சந்தோசமும் இல்ல. அதனால போன தை மாசம் சைடுகார் கட்டி மாட்டுனேன். ஆர்டிஓ ஆபீசுல காட்டி ஆர்சி புக்குல ஏத்திட்டுத்தான் ரோட்டுல எறக்குனேன், இன்சூரன்சுக்கும் எழுதிக் குடுத்தாச்சு. இதைச் செய்யாம ஓட்டாதீங்க, ஒரு அடிபுடின்னா உள்ள உக்காந்திருக்கறவங்களுக்கு ஒரு பைசா வராமப் போயிரலாம்.

இத எழுதறதுக்குக் காரணம், சைடுகார் மாட்டுனவங்க, மாட்டலாம்னு இருக்கறவங்க எல்லாரும் மொதல்ல மாட்டிக்கறது இந்தச் சூட்டுலதான். நானும் ரெண்டு தடவை மாட்டுனேன், ஒருக்கா இன்ஜின்ல, ஒருக்கா ஐயன் கால்ல.

இன்ஜின் கதை பங்குனியில நடந்தது. வால்பாறை போலாம்னு கெளம்புனோம். ஆழியாறு தாண்டுனா 40 கொண்டை ஊசி வளைவு. என் சைடுகாரை வேஸ்ட் பஞ்சு எடை போடற தராசுல வெச்சுப் பார்த்தப்ப 85 கிலோ, ஐயன் 60, நான் 78, அதுபோக தண்ணி, துணிமணி, மடிச்ச வீல்சேர் ஒன்னு. புல்லட்டுக்கு இருக்கறதே 18 குதிரைசக்தி. தனியா ஓட்டறப்ப மூணாங் கியர்ல ஏறுற மேட்டுக்கு இப்ப ரெண்டாங் கியர், வளைவுல மொத கியர். நான் அதுல ஒரு தப்பு பண்ணுனேன், இன்ஜின் கத்தக் கூடாதுன்னு மூணுலயே வெச்சு ஆக்சிலேட்டரை முழுசாத் திருகிட்டுப் போனேன், ஸ்பீடு 25 தான் இருக்கும். ஆறாவது வளைவு தாண்டறப்ப கிணிகிணின்னு ஒரு சத்தம், டம்ளருக்குள்ள கோலிக்குண்டு போட்டு ஆட்டுன மாதிரி. எனக்கு ஹெல்மெட்டுக்குள்ள சரியாக் கேக்கல. ஐயன் எடது கையால சைடுகார் விளிம்புல டொக்குன்னு ஒரு தட்டு தட்டுனாரு. எங்களுக்குள்ள ஒரு கணக்கு, ஒரு தட்டுன்னா நிறுத்து, ரெண்டு தட்டுன்னா போ. மூத்திரம் போகோணும் போலன்னு நெனச்சு, இன்னொரு வளைவுல எடம் அகலமா இருக்கும், அங்க நிறுத்திக்கலாம்னு விட்டேன். மறுபடியும் தட்டுனாரு, இந்தத் தடவை பலமா. சரின்னு ஆக்சிலேட்டரை விடறதுக்குள்ள பின் சக்கரம் கீச்சுன்னு இழுத்துட்டு நின்னு போச்சு. பிஸ்டன் புடிச்சுக்கிச்சு.

முப்பது வருசம் அந்த வண்டி சத்தத்தைக் கேட்டவரு, பேச்சு வரலைன்னாலும் காது அப்படியே இருக்கு. அவரு தட்டுனது வண்டிக்காகன்னு அப்பறந்தான் எனக்கு ஒரைச்சுது.

பின்னால வந்த வேன்காரரு நல்ல மனுசன், ரெண்டு லிட்டர் பாட்டில்ல தண்ணி எடுத்துட்டு ஓடி வந்தாரு இன்ஜின் மேல ஊத்த. ஐயன் "வேண்டா, வேண்டா"ன்னாரு, அவருக்கு வர்ற ரெண்டு மூணு வார்த்தையில அதுவும் ஒன்னு. சூடான இரும்பு பேரல்ல பச்சைத் தண்ணி பட்டா ஃபின், அதாவது பேரலைச் சுத்திச் சூட்டைக் காத்துல விடற தகடு, விரிசல் விடும், இல்லைன்னா பேரல் மட்டும் சடக்குன்னு சுருங்கி பிஸ்டனை இன்னும் இறுக்கிப் புடிக்கும். பிஸ்டன் அலுமினியம், பேரல் இரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பை விட ரெண்டு மடங்கு விரியும், அதனாலதான் புடிச்சுக்குது. சும்மா விட்டா தானா ஆறி விட்டுக்கும். முக்கா மணி நேரம் பாறை நெழல்ல உக்காந்தோம், அப்பறம் டீகம்ப்ரஸரை (இன்ஜினுக்குள்ள அமுங்குற காத்தை வெளிய விடற லீவர்) புடிச்சுட்டு கிக்கரை மெதுவா அமுக்குனேன், எறங்குச்சு. அதுக்கு மேல மலை ஏறல. நியூட்ரல்லயும் மூணாங் கியர்லயுமா ஆழியாறு வந்து, அங்கிருந்து மினி லாரியில ஏத்திட்டு வந்தேன்.

எங்க பக்கத்துல பழைய புல்லட்டு மட்டுமே பார்க்கற பட்டறைக்காரர் ஒருத்தர் இருக்காரு, வயசு எழுபதுக்கு மேல இருக்கும். அவரு இன்ஜினைக் கழட்டறதுக்கு முன்னால ஒரு மூங்கில் சிம்பை எடுத்து ஃபின்னுக்கு நடுவுல விட்டு நோண்டுனாரு. மெத்தைப் பஞ்சாட்ட ஒன்னு வந்துச்சு. "என்னப்பா இது, இன்ஜினுக்குக் கம்பளி போத்தி விட்டுருக்கே"ன்னாரு. எங்க வண்டி நிக்கறது தறிக் குடோன் வாசல்ல. இருவத்தி நாலு மணி நேரமும் பஞ்சு பறக்குற எடம். இன்ஜின் உச்சியில இருக்கற ராக்கர் பாக்ஸ்ல லேசா ஆயில் கசிவு இருந்துச்சு, அந்தப் பிசுக்குல பஞ்சு ஒட்டி, அதுமேல புழுதி ஒட்டி, அதுமேல மறுக்கா ஆயில் ஊறி, ஃபின் இடுக்கெல்லாம் கருப்பா அடைச்சுக்கிடந்துச்சு. வெளிய இருந்து பார்த்தா கருப்பு பெயிண்ட் மாதிரியே தெரியும். ஒரு கைப்புடி பஞ்சு எடுத்தாரு. அதோட மெத்தை அப்பியிருந்தது பொகை வெளிய போற எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கு மேல, பேரலுக்கு மூடியாட்ட இருக்கற ஹெட்டுலயே நெம்ப சூடாகற எடத்துல. சோமனூர், பல்லடம், மங்கலம் பக்கம் தறி ஓட்டறவங்க எல்லாரும் இன்னிக்கே போய் உங்க வண்டி ஃபின்னைப் பாருங்க. டீசல்ல பிரஷ்ஷை நனைச்சுத் தேய்ச்சு, சிம்பால நோண்டி எடுத்து, அப்பறம் காத்தடிச்சா போயிரும். கசிவை நிறுத்தலைன்னா ஒரே மாசத்துல மறுபடி அடைக்கும், அதனால கேஸ்கெட்டுதான் மொத வேலை.

பொறவு ஒவ்வொன்னாப் பார்த்தாரு. பிளக்கைக் கழட்டுனா முனை வெள்ளையா, சுண்ணாம்பு பூசுன மாதிரி. காப்பித்தூள் கலர்ல இருக்கோணும். வெள்ளைன்னா பெட்ரோல் பத்தாம எரியுதுன்னு அர்த்தம், அந்த எரிச்சல்ல சூடு அதிகம். ரெண்டு காரணம் சொன்னாரு, பெட்ரோலையும் காத்தையும் கலக்கற கார்ப்பரேட்டர் ஹெட்டோட சேர்ற எடத்துல கேஸ்கெட் காஞ்சு காத்து உறிஞ்சுது, அதுபோக இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால். எத்தனால்லயே ஆக்சிஜன் இருக்கறதனால பழைய கார்ப்பரேட்டர்ல கலவை மெலிசாயிரும், கம்ப்யூட்டர் வெச்ச வண்டின்னா அதுவே சரி பண்ணிக்கும், நம்ம வண்டிக்கு நாமதான் பண்ணோணும். பெட்ரோல் வர்ற ஓட்டையான மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெருசாப் போட்டாரு. பிளக் இப்ப காப்பி கலருக்கு வந்துருச்சு. பிளக்குக்குத் தீப்பொறி நேரம் பார்த்துக் குடுக்கற பாயிண்டோட எடைவெளி, அதான் கேப், 15 தௌ (இஞ்சுல ஆயிரத்துல 15 பங்கு) இருக்க வேண்டியது 8 கூட இல்ல. பாயிண்டுல இருக்கற அந்தக் கட்டை தேய தேய கேப் கொறையும், கேப் கொறைஞ்சா டைமிங் பின்னுக்குப் போகும், லேட்டா எரியற நெருப்பு பிஸ்டனைத் தள்ளாம சைலன்சர் பைப்பைத்தான் சூடாக்கும்.

அவரு கேட்ட கடைசிக் கேள்விதான் எனக்கு நெம்பப் பிரயோசனமா இருந்துச்சு. "வண்டியை நியூட்ரல்ல போட்டு ஒத்தை ஆளாத் தள்ளிப் பார்த்தியா?" நான் பார்க்கல. தள்ளுனோம், ரெண்டு பேரு சேர்ந்து தள்ள வேண்டியிருந்துச்சு. பின் பிரேக்கு ராடை முன்ன ஒரு பட்டறையில நெம்ப டைட் வெச்சு விட்டிருக்காங்க, ஷூ டிரம்மை உரசிட்டே இருந்திருக்கு. அதுபோக சைடுகார் சக்கரம் நேரா இல்ல. வண்டி சக்கரத்துக்கு ஒரு நீளமான சட்டத்தை அணைச்சு வெச்சு, சைடுகார் சக்கரத்துக்கு ஒன்னு வெச்சு, முன்னாலயும் பின்னாலயும் எடைவெளி அளந்தா, முன்பக்கம் 10ல இருந்து 20 மில்லிமீட்டர் வரைக்கும் உள்ள சாஞ்சிருக்கலாம், எனக்கு 45 இருந்துச்சு. அப்பிடின்னா சைடுகார் டயரு உருளாம பாதி நேரம் தேய்ஞ்சுட்டே வந்திருக்கு. மூவாயிரம் கிலோமீட்டர்ல அந்த டயரு ரம்பம் மாதிரி ஆனது இதனாலதான். டயரு தேயறதுக்கும் இன்ஜின் சூடாகறதுக்கும் என்னங்க சம்பந்தம்னு கேட்டேன். "அந்த டயரைத் தேய்க்கறது யாரு, உன்ற இன்ஜின்தான"ன்னாரு.

எனக்கு அதுல இருந்து சூட்டைப் பத்தின நெனப்பே மாறிப்போச்சு. ஆயில் கூலர் மாட்டலாமா, சின்ன ஃபேன் வெக்கலாமான்னு நானும் தேடிட்டு இருந்தேன். அதெல்லாம் தப்புன்னு சொல்லல, ஆனா மொதல்ல வண்டிய ஒத்தைக் கையில தள்ளுனா உருளற மாதிரி பண்ணுங்க. பிரேக் உரசல், சக்கரக் கோணல், காத்துக் கம்மியான டயரு, எண்ணெயில்லாத செயின், இது ஒவ்வொன்னும் இன்ஜின் மேல ஏத்துற மூட்டை. பிரேக் உரசுதான்னு பார்க்க ஒரு சுளுவான வழி, பத்து கிலோமீட்டர் பிரேக்கே புடிக்காம ஓட்டிட்டு நிறுத்தி டிரம்மு மேல ரெண்டு சொட்டுத் தண்ணி தெளிங்க. சொய்ங்குன்னா உரசுது.

செயினைச் சுத்தற கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட் (பல்சக்கரம்) 16 பல்லு இருந்ததை 14 ஆக்குனேன். பின்னால இருக்கறது பிரேக் டிரம்மோட சேர்ந்தே வர்றதனால அதைத் தொடறது கஷ்டம், முன்னால மாத்தறதுதான் லேசு. இழுவை ஏழுல ஒரு பங்கு கூடும், ஸ்பீடு எட்டுல ஒரு பங்கு கொறையும். இன்ஜின் அதிகமாச் சுத்துனா சூடு அதிகமாகுமேன்னு நெறைய பேரு பயப்படறாங்க, நானும் அப்பிடி நெனச்சுத்தான் மூணாங் கியர்ல திருகித் திருகி புடிக்க வெச்சேன். மெதுவாச் சுத்தற இன்ஜின்ல முழு ஆக்சிலேட்டர் குடுக்கறதுதான் கொல்றது. கியரைக் கொறைச்சு, ஆக்சிலேட்டர் பாதியில வெச்சு, லேசாச் சுத்த விடுங்க. அப்பறம் ரீபோர் (பேரல் உள்பக்கத்தைக் கடைஞ்சு பெருசாக்கறது), புது பிஸ்டன், ஆயில் 20டபிள்யூ50. மொத ஆயிரம் கிலோமீட்டர் சைடுகாரைக் கழட்டி வெச்சுட்டு ஓட்டச் சொன்னாரு, ஓட்டுனேன்.

இப்பிடி இன்ஜினைச் சரி பண்ணிட்டு, சூடெல்லாம் தீந்துச்சுன்னு நம்பித்தான் சிவன்மலை போனது. இன்ஜின் அன்னிக்குக் கொஞ்சங்கூட மொனகல. ஐயன் கால்லதான் கொப்புளம்.

யோசிச்சுப் பார்த்தா அது நியாயந்தாங்க. ஃபின் சுத்தமான பொறவு இன்ஜின் சூட்டை ஒழுங்கா வெளிய தள்ளுது. தள்ளுன சூடு எங்க போகும்? சைலன்சர் வலது பக்கம் இருக்கறதனால சைடுகாருக்குச் சூடு வராதுன்னு நான் நெனச்சுட்டு இருந்தேன். ஆனா இன்ஜின் எடது பக்கத்துக்கும் சைடுகார் தகரத்துக்கும் நடுவுல ஒரு சாண் சந்து, ஃபின்ல பட்டு வர்ற அனல் காத்து பூரா அதுல அடைபட்டு தகரத்துலதான் மோதுது. அந்தத் தகரத்துக்கு நான் ஆசையா கருப்பு பெயிண்ட் அடிச்சு வெச்சிருந்தேன், மேல இருந்து கத்திரி வெயில் வேற.

கொப்புளத்தை ஒடைக்காம, பல்பொடி பேஸ்ட் ஒன்னும் தடவாம, ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுட்டு வந்தோம், ஆறறதுக்கு அஞ்சு வாரம் ஆச்சு, சர்க்கரையும் இருக்கறதனால. டாக்டரம்மா சொன்னது எல்லாரும் தெரிஞ்சுக்கோணும். நெருப்பு மாதிரி சுட்டாத்தான் புண்ணாகும்னு இல்ல. தொட்டுட்டு ஒரு நிமிசம் கை வெச்சிருக்க முடியற சூடுகூட, அசையாம மணிக்கணக்குல ஒரே எடத்துல பட்டா தோலை வேக வெச்சுரும். நமக்கு உறுத்துனா காலை நகத்திக்குவோம். உணர்ச்சி இல்லாத காலு நகராது. வாதம் வந்தவங்க, சர்க்கரையில பாதம் மரத்தவங்க, முதுகுத்தண்டுல அடிபட்டவங்க இவங்களைக் கூட்டிட்டுப் போறவங்க இத மறக்கவே கூடாது.

நான் பண்ணுன வேலை இதுதான். உள்பக்கம் இன்ஜினைப் பார்த்த தகரத்துக்கு வெளிய ஒரு அலுமினியம் தகடு, தகரத்தோட ஒட்டாம அரை இஞ்ச் எடைவெளி விட்டு, அதுக்குப் பழைய ஜிஐ பைப்பைத் துண்டு துண்டா அறுத்து ஸ்பேசர் வெச்சேன். அந்தச் சந்து மேலயும் கீழயும் தொறந்திருக்கோணும், அப்பத்தான் உள்ள சூடாகற காத்து மேல போயி கீழ இருந்து புதுக் காத்து வரும். பஞ்சு, ஃபோமுன்னு வெச்சு அடைச்சா கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும், ஒருக்கா சூடேறிட்டா அப்பறம் ஆறவே ஆறாது, ஆயில் ஊறுனா தீ புடிக்கவும் வாய்ப்பிருக்கு. வெளிப் பெயிண்டை வெள்ளையா மாத்தினேன். மேல கூரைக்கு கருப்பு ரெக்சின் போட்டிருந்ததைக் கழட்டிட்டு எங்க தறியிலயே ஓடற காடா துணிய ரெண்டு மடிப்பாத் தைச்சுப் போட்டேன், வெயிலைத் தடுக்குது, காத்து உள்ள போயிட்டு வருது. தரையில தேங்காநாரு மேட். அதைவிட முக்கியம், கால் வலது பக்கம் சாயாம ஒரு ரீப்பர் கட்டையத் துணி சுத்தித் தரையில திருகி வெச்சேன், செலவு நாப்பது ரூபா. முன்ன உள் தகரம் 58 டிகிரி காட்டுனது, அதே மாதிரி வெயில்ல இப்ப 42.

டிகிரி எப்பிடின்னா, துப்பாக்கி மாதிரி இருக்கற அந்த இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்னு வாங்குனேன். பளபளன்னு இருக்கற அலுமினியத்துல அதை நீட்டுனா பொய் சொல்லும், கம்மியாத்தான் காட்டும். இரும்பு பேரல்லயோ, கருப்பா மேட் பெயிண்ட் அடிச்ச எடத்துலயோ வெச்சுப் பாருங்க. அன்னாடும் ஒரே எடத்துல பார்த்தாத்தான் கணக்கு. கருவி இருந்தாலும் நிறுத்துற எடமெல்லாம் ஐயன் வலது காலைக் கையால தடவிப் பார்க்கற பழக்கத்தை விடறதில்ல.

ஆடியில இன்னொன்னு கத்துக்கிட்டேன், இது நம்மூர்க்காரங்களுக்கு மட்டும் புரியற பாடம். பொள்ளாச்சியில இருந்து உடுமலை போயி திருமூர்த்தி மலை போனோம். ஆடிக் காத்து தெரியுமில்லீங்க, பாலக்காட்டுக் கணவாய் வழியா மேக்க இருந்து வந்து காத்தாலையெல்லாம் விர்ருன்னு சுத்தும். கெழக்க பார்த்துப் போறப்ப அது முதுகுல தள்ளுது, வண்டி லேசாப் போகுது, நல்லாருக்கேன்னு நெனச்சா பேரல் வழக்கத்தை விட 25 டிகிரி மேல காட்டுது. நாம 40ல போறோம், காத்தும் நம்ம கூடவே 30ல வருது, அப்ப இன்ஜின் மேல படற காத்து வெறும் 10தான். மூஞ்சியில காத்தே படாம புழுக்கமா இருக்கும், அதுதான் அடையாளம். திரும்பி வர்றப்ப எதுர்க்காத்து, இழுவை அதிகம், பெட்ரோலும் குடிச்சுது, ஆனா பேரல் ஆறியே இருந்துச்சு. முதுகுக் காத்துல மேடு ஏறறதா இருந்தா நடுவுல கூடுதலா ஒரு தடவை நிறுத்துங்க. நிறுத்தறப்ப வண்டி மூஞ்சிய காத்தைப் பார்த்துத் திருப்பி வைங்க, சும்மா நிக்கற வண்டிக்கு அந்தக் காத்துதான் ஃபேன். சிலரு நிறுத்திட்டு அஞ்சு நிமிசம் ஐட்லிங்ல விடுவாங்க, அது தண்ணி ரேடியேட்டர் வெச்ச காருக்குச் சரி, நம்ம வண்டி நின்னா காத்தும் நின்னுரும். கடைசி அரை கிலோமீட்டரை மெதுவா, ஆக்சிலேட்டர் கொடுக்காம வந்து உடனே ஆஃப் பண்ணிருங்க. ரயில்வே கேட்டு, பெரிய சிக்னல் எல்லாத்துக்கும் அதேதான்.

ஐப்பசியில மழை விட்ட ஒரு வாரம் பார்த்து மறுபடியும் வால்பாறைக்குப் போனோம். பொள்ளாச்சியில இட்லி சாப்புட்டு, ஆழியாறு டேம்கிட்ட ஆயில் ஸ்டிக்கைப் பார்த்துட்டு, வெயில் ஏறறதுக்குள்ள மலையடிவாரத்துல ஏற ஆரம்பிச்சாச்சு. ரெண்டாங் கியரு, ஸ்பீடு 25ல இருந்து 30. எடது பக்க வளைவுல சைடுகார் சக்கரம் தூக்கப் பார்க்கும், அங்க நான் எடது பக்கம் சாஞ்சுக்குவேன், ஐயனும் சாஞ்சுக்குவாரு, யாரும் சொல்லிக் குடுக்கல. ஆறாவது வளைவு வந்தப்ப எனக்கு அடி வயித்துல ஒரு மாதிரி இருந்துச்சு, காது பூரா இன்ஜின்கிட்டயே. ஒன்னும் கேக்கல. ஒன்பதாவது வளைவுல லோம்ஸ் வியூ, அங்க நிறுத்தி, பேரல்ல துப்பாக்கியக் காட்டுனா ஆடியில அளந்ததை விடக் கம்மி. ஐயன் காலைத் தடவிப் பார்த்தேன், சில்லுன்னு இருந்துச்சு. கீழ ஆழியாறு டேம் தண்ணி முழுசாத் தெரிஞ்சுது, அவரு அதைப் பார்க்கல, தலையைச் சாச்சு இன்ஜினைத்தான் பார்த்துட்டு இருந்தாரு, ஆறறப்ப ஃபின்னு டிக் டிக்குன்னு சத்தம் போடுமே, அதைக் கேட்டுட்டு.

எறங்கறப்பத்தான் டிரம்மைப் பார்க்கோணும், சைடுகாருக்கு பிரேக் கெடையாது, ஏறுன கியர்லயே எறங்குங்க. இருவது நிமிசம் கழிச்சு அந்த டிக் டிக் சத்தம் நின்னுச்சு. ஐயன் எடது கைய விளிம்புல வெச்சு ரெண்டு தட்டு தட்டுனாரு. கிக்கரை மிதிச்சேன்.